டிகிரி பொய்!

அத்தியாயம் 6

பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்று நாத்தனார் ஒற்றைக் காலில் நின்றாள்.

"ரூம்ல வேற சேர் இல்லைம்மா" என்றார் டாக்டர்.

"பரவாயில்ல டாக்டர், நின்னுக்கிட்டே துப்பறியறேன். அதுல உட்கார்ந்தா வாய் தானா திறந்துக்கும். திறந்தா நீங்க எட்டிப் பார்ப்பீங்க, பார்த்தா எதையாவது கண்டுபிடிப்பீங்க. இன்னிக்குக் கண்டுபிடிக்க வேண்டியது நாங்க."

இருந்த ஒரே ஸ்டூலில் அண்ணி உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு மஞ்சள் சீட்டைக் கண்ணுக்கு நாலு விரல் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். மணி மூன்றே கால்.

அண்ணி-நாத்தனார் துப்பறியும் நிலையம் ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. பெயரைக் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அண்ணியும் நாத்தனாரும் ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்த்துத்தான் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். இவர்கள் கட்சி சேர்ந்து ஊரை வேவு பார்க்கக் கிளம்பியதில், நடுவில் இருக்கும் அண்ணன் ஒருவருக்குத்தான் தூக்கம் போனது. அண்ணி இருபத்திரண்டு வருஷம் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தியவர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் முதலில் சந்திப்பிழையைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் மாப்பிள்ளை யாரென்று பார்ப்பார். நாத்தனார் அதே பதிப்பகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்தவள். ஸ்கூட்டர் அவளுடையது. வாயும் அவளுடையதுதான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர். இந்தச் சீட்டு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் அண்ணி.

"வெளியில, என் பட்டச் சான்றிதழ் மேல. ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன்ல, அந்தக் கண்ணாடிக்கு நட்டநடுவுல. இன்னிக்குக் காலையில முதல் பேஷண்ட் பார்த்துட்டு எழுந்து போயிட்டார். ரெண்டாவது பேஷண்ட் அதைப் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டார்."

சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தது இதுதான்:

‘டிகிரி பொய். நம்பாதீங்க. வெளியில கூலா காட்டிக்கும், உள்ள கொதிக்கும். வேலை ஜாஸ்தியானா பொத்துனு மயங்கி விழும். ரொம்பப் பழசு. சீக்கிரம் மாத்திடுங்க.’

நாத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்க அவளுக்கு அந்தச் சுவர் தேவைப்பட்டது.

"யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "ரிசப்ஷன்ல இருக்கே, அந்தம்மா. பன்னிரண்டு வருஷமா இங்கதான் வேலை பார்க்குது. கொஞ்ச நாளா என்கிட்ட முறைச்சுக்கிட்டுத் திரியுது. அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதணும், இல்லைன்னா வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டேன். அதுதான் எழுதுச்சுன்னு நீங்க நிரூபிச்சுக் கொடுத்துட்டா போதும்."

"முடிவை நீங்களே எழுதிட்டீங்க, நாங்க கீழ கையெழுத்துப் போடணும்" என்றாள் நாத்தனார் சுவரைப் பார்த்தபடி.

"எழுதியிருக்கிற லட்சணத்தைப் பாருங்க மேடம்!" டாக்டர் அண்ணியிடம் முறையிட்டார். "விழுவார்னு எழுதல. விழுவான்னுகூட எழுதல. விழும்! என்னை ஆடு மாடு கணக்கா அஃறிணையில சேர்த்திருக்கு!"

அண்ணி தலையைத் தூக்கி அவரை ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, வேண்டாமென்று விட்டுவிட்டுச் சீட்டைத் திருப்பினார்.

"மூலையில வெள்ளையா ஏதோ ஈஷியிருக்கே?"

"அதுதான் சொல்றேன். பல் அடைக்கிற சிமெண்ட். உள்ள புழங்குற ஆள் வேலைதான்."

அண்ணி சீட்டை முகர்ந்து பார்த்தார். "உங்க சிமெண்ட் எப்படி வாசனை வரும்?"

"கிராம்பு எண்ணெய் வாசனை."

"இதுல ஒரு வாசனையும் வரல. சரி, கீழ்ப்பக்கம் கிழிஞ்சிருக்கே?"

"அது அப்படித்தான் இருந்துச்சு" என்றார் டாக்டர். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது, கை கோட்டுப் பைக்குப் போனது.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அந்தம்மாகிட்ட."

வெளியே வரவேற்பு அறை அடுப்படி மாதிரி இருந்தது. தலைக்கு மேலே பெரிய மின்விசிறி சும்மா தொங்கியது. அதற்கு நேர் கீழே, அட்டையால் விசிறிக்கொண்டு, நோயாளிகள் எல்லோரும் டோக்கன் அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மாள் தன் சாமான்களைத் துணிப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலி மெத்தை, தண்ணீர் பாட்டில், ஒரு ஜோடி செருப்பு. பன்னிரண்டு வருஷம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டதைப் பார்க்க நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

அவள் போய் மின்விசிறியைப் போட்டாள். அது அரைச் சுற்று சுற்றுவதற்குள் டாக்டர் உள்ளேயிருந்து ஓடிவந்து, சுவரோரமாகவே கையை நீட்டி அணைத்துவிட்டார்.

"தூசி! கிருமி! இது கிளினிக்!" என்று சொல்லிவிட்டு அதே சுவரோரமாகத் திரும்பிப் போனார்.

"எப்பவும் இப்படித்தானா?" என்று அண்ணி கேட்டார்.

"பழகிடுச்சு" என்றார் டோக்கன் அக்கா. சட்டென்று பேச்சை மாற்றினார். "மேடம், நான் அதை எழுதலை. எழுதாததுக்கு மன்னிப்பும் எழுத மாட்டேன். வேலை போனா போகட்டும். இந்த வயசுல வேற யார் எனக்கு வேலை கொடுப்பாங்கன்னு தெரியலை, இருந்தாலும் எழுத மாட்டேன்."

"டாக்டரோட என்ன சண்டை?"

"எல்லாம் இந்தப் பாழாப்போன கம்ப்யூட்டரால." மேஜைமேல் இருந்த பழைய திரையைக் காட்டினார். பெட்டி மேஜைக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்தது. "எக்ஸ்ரே படத்தைத் திறந்தா பொசுக்குனு அணைஞ்சு போகுது. பேஷண்ட் எதிர்ல நிக்கும்போது மானம் போகுது. சூடாகுது டாக்டர்னு ஒரு மாசமா சொல்றேன், நம்பலை. மூலையில ஒரு நம்பர் தெரியுது பாருங்க. அது பதினாலு டிகிரி காட்டுது, மெஷின் ஜில்லுனு இருக்கு, நீதான் எங்கேயோ கையை வச்சு அணைக்கிறேங்கறார்."

திரையின் வலது மூலையில் பச்சையாக 14 என்று இருந்தது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டுவதற்காக யாரோ எப்போதோ போட்டுவைத்த சின்னப் புரோகிராம்.

நாத்தனார் சுவரைப் பார்த்தாள். மருந்துக் கம்பெனிக் காலண்டரில் ஒரு வெப்பமானி பதித்திருந்தது. முப்பத்து நாலு.

"அண்ணி, நாம உருகிக்கிட்டிருக்கோம். இந்த ரூம் முப்பத்து நாலு. இதுக்குள்ள காலையிலேர்ந்து ஓடுற மெஷின் பதினாலாம். ஐஸ் பெட்டிக்குள்ள உட்கார்ந்து வேலை பார்க்குதோ?"

"நீ பக்கம் அமைச்ச காலத்துல இப்படிப் பார்த்திருக்கியா?"

"பழைய பிராசஸர்ல இது உண்டு அண்ணி. உள்ள இருக்கிற சென்சார் இத்தனை டிகிரின்னு நேரா சொல்லாது. ஆபத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்குன்னுதான் சொல்லும். ஆபத்து எந்த இடத்துலன்னு இந்தப் புரோகிராம் தானா ஊகிச்சுக்கும். ஊகம் தப்புன்னா காட்டுற நம்பரும் தப்பு." பக்கவாட்டில் பெட்டியைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தாள். "அம்மாடி! இதுல சட்டையை இஸ்திரி போடலாம். அக்கா, அந்த எக்ஸ்ரே படத்தைத் திறங்க."

டோக்கன் அக்கா திறந்தார். யாரோ ஒருவரின் முப்பத்திரண்டு பற்களும் திரையில் மெதுவாக வர ஆரம்பித்தன. பெட்டியின் உறுமல் ஏறியது. பச்சை எண் 14-லிருந்து 15 ஆனது, அவ்வளவுதான். கடைவாய்ப் பல் வருவதற்குள் திரை இருண்டது.

"பார்த்தீங்களா? என் கை மடியிலதான் இருந்துச்சு!" என்றார் டோக்கன் அக்கா. ஒரு மாதத்தில் முதல் முறையாக அவருக்குச் சாட்சி கிடைத்திருந்தது.

"இப்ப இன்னொரு சாட்சியைக் கேட்போம்" என்று நாத்தனார் பொத்தானை அழுத்தி, கம்ப்யூட்டர் முழுதாக எழுந்திருப்பதற்குள் ஒரு விசையைப் படபடவென்று தட்டினாள். நீலத் திரை ஒன்று வந்தது. "இது மதர்போர்டே சொந்தமா வச்சிருக்கிற கணக்கு. அந்தப் புரோகிராமுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. இதோ, பிராசஸர் சூடு... தொண்ணூத்தி ஒண்ணு!"

"தொண்ணூத்தி ஒண்ணா?"

"ஆமா அண்ணி. தன்னைத் தானே காப்பாத்திக்கத்தான் அணைஞ்சு போகுது. அந்தப் பதினாலு சுத்தப் பொய். இந்தக் கம்ப்யூட்டர் காட்டுற டிகிரி பொ..."

அவள் வாய் திறந்தபடியே நின்றது. பக்கத்து அறையில் பல் டாக்டர் இருப்பதுகூட அவளுக்கு அந்த நேரம் நினைவில்லை.

அண்ணி மூக்குக்கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "முழுசா சொல்லு."

"டிகிரி பொய்! நம்பாதீங்க! வெளியில கூலா காட்டிக்கும், உள்ள கொதிக்கும்... அண்ணி, வேலை ஜாஸ்தியானா மயங்கி விழுறது இதுதான்! ரொம்பப் பழசு! மாத்திடுங்க!"

"அஃறிணை சரியாத்தான் இருந்திருக்கு" என்றார் அண்ணி. "சீட்டைப் படிச்ச உடனே எனக்கு உறுத்துச்சு. கோபத்துல திட்டுறவங்க ‘விழுவான்’னு எழுதுவாங்க. பயந்துக்கிட்டுத் திட்டுறவங்க ‘விழுவார்’னு எழுதுவாங்க. இவ்வளவு நிதானமா ‘விழும்’னு எழுதணும்னா, எழுதினவர் மனசுல ஒரு மெஷின் இருக்கணும். ஆனா ஒண்ணு இடிக்குது. இந்தச் சீட்டுக்குத் தலை இல்லை. ‘டிகிரி’ன்னு மொட்டையா யாரும் ஆரம்பிக்க மாட்டாங்க. இதுக்கு முன்னால ஒரு பக்கம் இருந்திருக்கணும். தேடு."

நாத்தனார் மேஜைக்கு அடியில் புகுந்தாள். தூசியில் இரண்டு முறை தும்மினாள். அப்புறம் அவள் குரல் மட்டும் வந்தது.

"அண்ணி, பெட்டிக்குப் பக்கவாட்டுல காத்து இழுக்கிற வலை இருக்கு. உள்ள இருக்கிற விசிறி இழுத்த இழுப்புல ஒரு மஞ்சள் சீட்டு வந்து அப்பிக்கிட்டிருக்கு. திருடன் இவன்தான். தடயத்தைத் தானே முழுங்கப் பார்த்திருக்கான்!"

அதே மஞ்சள், அதே பென்சில். அண்ணி உரக்கப் படித்தார்:

‘டாக்டர் சார், மூணு வாரம் முன்னாடி போன்ல சொன்னீங்களே, அந்தக் கம்ப்யூட்டரை இன்னிக்குப் பார்த்தேன். விசிறியில ஒரு இறக்கை உடைஞ்சிருக்கு. புதுசு வாங்கிட்டு செவ்வாய்க்கிழமை வர்றேன். அதுவரைக்கும், திரை மூலையில காட்டுற’

சீட்டு அங்கே தீர்ந்துபோயிருந்தது. அண்ணி பையிலிருந்து மற்றதை எடுத்து அதன் கீழே வைத்தார். ‘காட்டுற’, ‘டிகிரி பொய்.’ இருபத்திரண்டு வருஷம் பக்கங்களைச் சரிபார்த்தவருக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வேண்டியதில்லை.

"மெக்கானிக்கா!" டோக்கன் அக்காவுக்கு நம்ப முடியவில்லை. "டாக்டரே கூப்பிட்டாரா? என்கிட்ட மெஷின்ல ஒண்ணுமில்லைன்னு அடிச்சுச் சொன்னாரே! ஆனா மேடம், நேத்து ஞாயித்துக்கிழமை. கிளினிக் லீவு. கதவை யார் திறந்துவிட்டாங்க?"

"ஞாயித்துக்கிழமை யாருமே வர மாட்டாங்களா?"

"தரை துடைக்க ஒரு அம்மா வருவாங்க. அவங்ககிட்ட ஒரு சாவி இருக்கு."

மூன்றாவது சாவி. அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டோக்கன் அக்கா நம்பர் கொடுக்க, நாத்தனார் போனில் கேட்டாள்.

"சந்தேகப்படுற மாதிரி யாரும் வரலையே" என்றது மறுமுனை.

"சந்தேகப்படாத மாதிரி யாராவது வந்தாங்களாம்மா?"

"ஓ, வந்தாரே! கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். நல்ல மனுஷன், பெஞ்சை நகர்த்திக் கொடுத்தார். அவர் போனதுக்கப்புறம் ஒரு மஞ்சள் சீட்டு கீழ கிடந்துச்சு. முக்கியமானதா இருக்கும்னு எடுத்து ஒட்டி வச்சேன்."

"எங்கம்மா ஒட்டினீங்க?"

"கண்ணாடியிலதான். கண்ணாடின்னாதான் நல்லா ஒட்டும்."

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிக்கலையா?"

"மூக்குக்கண்ணாடி வீட்டுல இருந்துச்சும்மா. தரையைத் துடைக்க அது எதுக்கு?"

அண்ணி போனை வாங்கிக்கொண்டார். "ஒரே ஒரு கேள்விம்மா. நீங்க ஒட்டினப்போ சீட்டு கீழ கிழிஞ்சிருந்துச்சா?"

"இல்லையே. முழுசா இருந்துச்சு. நாலு மூலையையும் நானே அழுத்தி விட்டேன்."

போனை வைத்துவிட்டு அண்ணி நேராக உள்ளே போனார். நாத்தனார் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். மணி நாலே முக்கால்.

"டாக்டர், எழுதினவரைக் கண்டுபிடிச்சாச்சு" என்று அண்ணி இரண்டு சீட்டுகளையும் மேஜைமேல் வைத்தார். "நீங்க கூப்பிட்டு, நீங்களே மறந்துபோன மெக்கானிக். பொய்யா இருக்கிறது கம்ப்யூட்டர் காட்டுற டிகிரி. உங்க டிகிரி பத்திரமா இருக்கு."

டாக்டர் படித்தார். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது, பிறகு வேர்த்தது. "அந்தாளைக் கூப்பிட்டதே அந்தம்மா வாயை மூடத்தான். அப்புறம் அவன் வரவேயில்லைன்னு..."

"அது இருக்கட்டும். உங்க பட்டம் நிஜம். ஒரு போன் போட்டா காலேஜ்லயே சொல்லிடுவாங்க. அப்புறம் எதுக்கு இந்தச் சீட்டைப் பார்த்து இவ்வளவு பயம்? அவங்கதான்னு எதை வச்சு முடிவு பண்ணினீங்க? கிழிச்ச துண்டைக் கொடுங்க டாக்டர்."

"எந்தத் துண்டு?"

"கோட்டுப் பையில இருக்கே, அது" என்றாள் நாத்தனார். "நாங்க வந்ததிலேர்ந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிறீங்க."

டாக்டர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் ஒரு விரல் அகலத் துண்டை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது:

‘தலைமேல உட்கார்ந்திருக்கிறது ஒட்டவே இல்லை. தொட்டா கையோட வருது. இப்போதைக்குக் கொஞ்சம் பசை தடவி வச்சிருக்கேன்.’

நாத்தனார் மறுபடியும் சுவரைத் தேடினாள். இந்தத் தடவை சுவர் போதவில்லை, அலமாரியையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

டாக்டர் தலையில் கைவைத்தார். அழகாக வாரி விட்டிருந்த கறுப்பு முடி மொத்தமும் ஒரு தொப்பி போலக் கையோடு வந்தது. அடியில் பளபளவென்று ஒரு மண்டை.

"இது என் வீட்டுக்காரிக்கு அடுத்தபடியா அந்தம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். "பத்து வருஷம் முன்னாடி, வெளியில ஃபேனுக்குக் கீழ நின்னுட்டேன். பறந்து போய் அந்தம்மா மேஜையிலயே விழுந்துச்சு. இந்த வரியைப் படிச்சதும் வேற யார் எழுதியிருக்க முடியும்னு நினைச்சேன்."

"பிராசஸர் தலைமேல சூட்டை இழுக்க ஒரு அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கும் டாக்டர்" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதை வெள்ளைப் பசை தடவித்தான் ஒட்டுவாங்க. சீட்டுல ஈஷியிருக்கிறதும் அதேதான். அவர் எழுதினது அத்தனையும் அந்தப் பெட்டியைப் பத்தி மட்டும்தான்."

அண்ணி சிரிக்கவில்லை. "டாக்டர், ஒரு மெஷினைப் பத்தி ஒருத்தர் ‘விழும்’னு எழுதினார், உங்களுக்குக் குத்துச்சு. நான் வந்ததிலேர்ந்து பார்க்கிறேன். பன்னிரண்டு வருஷம் கூட இருக்கிறவங்களை அது வருது, அது போகுது, அது எழுதுச்சுங்கறீங்க. ஞாயித்துக்கிழமை வர்றவங்களைச் சாவிக் கணக்குலயே சேர்க்கலை. எனக்குத் தெரிஞ்ச பிழையெல்லாம் அங்கதான் இருக்கு. இப்ப நீங்க போய்த் திருத்துங்க. வெளியில, எல்லார் முன்னாடியும்."

டாக்டர் கண்ணாடி முன் நின்று முடியைப் பொருத்திக்கொண்டார்.

ஐந்து மணி நோயாளிகள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் போட்டோ எடுத்துப் போனவரும் எந்தத் தைரியத்திலோ திரும்பி வந்திருந்தார். டோக்கன் அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மேஜைக்கு வெளியே வந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றார் டாக்டர். "எல்லாருக்கும் சொல்றேன். காலையில இங்க ஒட்டியிருந்த சீட்டை இவங்க எழுதலை. கம்ப்யூட்டர் மெக்கானிக் எழுதினது. கம்ப்யூட்டர் சூடாகுதுன்னு இவங்க ஒரு மாசமா சொன்னாங்க. நான் அந்த நம்பரை நம்பினேன், இவங்களை நம்பலை. தப்பு என்மேல. இதோ, முழுசா படிக்கிறேன், கேளுங்க."

முதல் சீட்டைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். பெஞ்சில் சிரிப்புக் கிளம்பியது. போட்டோ எடுத்தவர் போனை எடுத்துப் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அழித்தார். முழுசா என்று சொல்லிவிட்டதால் டாக்டர் மூன்றாவது துண்டையும் எடுத்தார். "தலைமேல..." என்று ஆரம்பித்தவரின் கை தானாகத் தலைமுடிக்குப் போனது. நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டோக்கன் அக்கா எட்டி அந்தத் துண்டை வாங்கினார். ஒரே பார்வையில் படித்தார். டாக்டரின் தலையைப் பார்த்தார். தன்மேல் ஏன் பழி விழுந்தது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பத்து வருஷமாகச் சொந்த மகளிடம்கூட வாய் திறக்காத விஷயம். அதைத் தான் சுவரில் எழுதி ஒட்டியதாக டாக்டர் நினைத்திருக்கிறார். டோக்கன் அக்காவுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவர் இருந்த இடத்தில் நாத்தனார் இருந்திருந்தால் அந்த வரியை மைக் வைத்துப் படித்திருப்பாள்.

டோக்கன் அக்கா துண்டை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"மீதி ரிப்பேர் சமாச்சாரம். பல்வலியோட வந்தவங்களுக்கு அது எதுக்கு?" தோள்பையை இறக்கி, மெத்தையை எடுத்து நாற்காலியில் போட்டு உட்கார்ந்தார். "நீங்க உள்ள போங்க டாக்டர். முதல் டோக்கன் யாரு?"